அப்பளம் கொழும்புக்குப் போக எந்த வழி? எங்க வீட்ல அஞ்சு மாசம் பேசி எடுத்த முடிவு

மதுரை சிந்தாமணி பக்கம் எங்க அக்கா வீட்ல அப்பளம் போடுறாக. மாமாவும் அக்காவும் சேந்து ஆரம்பிச்சது, இப்ப 18 பொம்பளையாளுக வேலை பாக்குறாங்க, பில்லு, வரவு செலவு, லாரி ஆபீஸ் மாதிரி வெளிவேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். போன வருசம் சொந்தத்துல ஒரு கல்யாணம், அதுக்கு கொழும்புல இருந்து ஒருத்தர் வந்திருந்தாரு, புறக்கோட்டைல பலசரக்கு மொத்த யாவாரம். பந்தில வச்ச அப்பளத்த ஒடிச்சு வாயில போட்டவரு, சாப்பிட்டு கை கழுவிட்டு நேரா மாமாகிட்ட வந்து "இது யாரு போட்டது அண்ணே"ன்னு கேட்டாரு. அங்க பப்படம்னு கிடைக்குறது வேற ருசியாம், மதுரை அப்பளத்துக்குன்னே கேட்டு வர்ற ஆளுக இருக்காங்களாம், மாசம் 50 பெட்டி அனுப்ப முடியுமான்னாரு.

மாமா அங்கேயே சரின்னுட்டாரு. எப்படி அனுப்புறதுன்னு வீட்டுக்கு வந்த பெறகுதான் பேச்சே ஆரம்பிச்சுச்சு, அது அஞ்சு மாசம் ஓடுச்சு. எங்கள மாதிரி சின்ன அளவுல அப்பளம், வடகம், மசாலா, ஊறுகாய், சுங்குடின்னு பண்றவங்க மதுரைல எம்புட்டோ பேரு இருக்கீங்க, இலங்கைல கேக்குறதுக்கு ஆளும் இருக்கு, ஆனா எந்த வழியா போறதுன்னு தெரியாமலே விட்டுட்டவங்கதான் ஜாஸ்தி. அதனால நாங்க பாத்த ஒவ்வொரு வழியவும் எழுதிர்றேன்.

முதல்ல எல்லாரும் சொன்னது லக்கேஜ்தான். மதுரைல இருந்து கொழும்புக்கு நேர் ஃபிளைட் இருக்கு, மேலெழும்பி எறங்க ஒரு மணி நேரந்தான், போற வர்ற ஆளுக கையில குடுத்து விட்டா முடிஞ்சுதுன்னாக. பழைய காலத்துல இருந்து இருக்குற குருவி யாவாரந்தான் இது. சேலையும் செண்ட்டும் சாமானுமா அங்கிட்டும் இங்கிட்டும் கொண்டு போய் பொழைச்ச குடும்பம் நம்ம பக்கம் நிறைய உண்டு, அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பயணி லக்கேஜுக்கு குடுக்குற சலுகை சொந்த உபயோகத்துக்குத்தான், ஒரே மாதிரி 10 பெட்டி அப்பளத்த எறக்குனா கஸ்டம்ஸ்காரருக்கு அது யாவாரச் சரக்குன்னு பாத்த உடனே தெரியும், பறிமுதல் பண்ணாலும் யாருகிட்டயும் போய் கேக்க முடியாது. அதவிட முக்கியமா நம்ம கையில ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. ஏற்றுமதி பண்ணோம்ங்கறதுக்கு ஆதாரமே இல்லாம மூணு வருசம் ஓட்டுனாலும் பேங்க்ல போய் லோன் கேக்கையில நாம உள்ளூர் யாவாரிதான். அக்காதான் இத முதல் நாளே வேணாம்னுச்சு, "18 பேரு சம்பளத்த இன்னொருத்தன் சூட்கேஸுக்குள்ள வச்சு அனுப்ப மாட்டேன்"னு.

அதே ஃபிளைட்ல முறையா கார்கோவா அனுப்பலாமேன்னு நான் கணக்கு போட்டுப் பாத்தேன். அப்பளத்துக்கு அது ஒத்தே வராது. ஏர் கார்கோல வெயிட் பாப்பாங்க, கூடவே பெட்டியோட நீள அகல உயரத்தப் பெருக்கி 6000 ஆல வகுத்து அதுல எது கூடவோ அதுக்குத்தான் காசு. எங்க பெட்டி 45க்கு 45க்கு 40 சென்டிமீட்டர், உள்ள இருக்குறது 9 கிலோ, ஆனா கணக்குப்படி 13.5 கிலோவுக்கு கட்டணும். காத்துக்கும் சேத்து காசு கட்டுற மாதிரி. மல்லிப்பூவா இருந்தா சரி, இன்னைக்கு பறிச்சது நாளைக்கு வாடிரும், விலையும் தாங்கும். மாசக்கணக்குல கெடாத சரக்கு ஏன் ஃபிளைட்ல போகணும்? சாம்பிள் அனுப்ப மட்டும் இந்த வழி போதும்.

அடுத்தது நாகப்பட்டினம் கப்பல். மாமாவுக்கு இதுல ரொம்ப ஆசை, காரணம் அவங்க தாத்தா. அந்தக் காலத்துல எழும்பூர்ல இருந்து வர்ற போட் மெயில் தனுஷ்கோடி போகும், அங்க ரயில விட்டு எறங்கி கப்பல் ஏறுனா தலைமன்னார், அங்கிட்டு திரும்ப ரயிலு கொழும்பு வரைக்கும். 1914ல பாம்பன் பாலம் தொறந்ததுல இருந்து அப்படித்தான் ஓடிருக்கு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, அதுக்கப்பறம் ராமேஸ்வரத்துல இருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடி சண்டை வந்ததும் அதுவும் நின்னு போச்சு. தாத்தா அந்த வழியா போய் கண்டில கடை வச்சவரு. அதனால நாகைல இருந்து யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்குற காங்கேசன்துறைக்கு கப்பல் விட்டதும் மாமாவுக்கு அது சொந்த விசயம் மாதிரி ஆயிருச்சு.

ஆனா பாருங்க, 2023 அக்டோபர் 14ஆம் தேதி பெருசா தொடங்குன சேவை சில நாள்ல நின்னுச்சு. திரும்ப 2024 ஆகஸ்ட்ல 'சிவகங்கை'ன்னு 150 பேரு போற கப்பல வச்சு ஆரம்பிச்சாங்க, நவம்பர்ல மழையும் காத்தும்னு நிறுத்திட்டு 2025 பிப்ரவரிலதான் மறுபடி ஓடுச்சு. வடகிழக்கு பருவமழை நேரத்துல பாக் நீரிணைல சின்ன கப்பல் ஓட முடியாது, அது யாரோட குத்தமும் இல்ல. ஆனா தைப்பொங்கலுக்கு முன்னாடி இருக்குற அந்த ரெண்டு மூணு மாசந்தானே நமக்கு அங்க விக்கிற நேரம், அப்ப பாத்து வழி அடைஞ்சு கிடந்தா என்ன பண்றது. அதுபோக அது ஆளு போற கப்பல், நம்ம சரக்கு அதுல லக்கேஜாதான் போகும், மேல சொன்ன அதே குருவி சிக்கல்தான். யாழ்ப்பாணத்துல நமக்கு ஆளு இருந்து, நாம நேர்ல போய் நாலு கடை ஏறி எறங்கி சாம்பிள் காட்ட இந்தக் கப்பல் அருமையானது, மூணு நாலு மணி நேரத்துல போயிரலாம், அதுக்காக நான் கண்டிப்பா சொல்லுவேன். காங்கேசன்துறை துறைமுகத்த சீர்பண்ண இந்தியா 6 கோடியே 15 லட்சம் டாலர மானியமாவே தர்றதா 2024ல அறிவிச்சுருக்காங்க. அது நல்லபடியா முடிஞ்சு சரக்குக் கப்பலும் வழக்கமா வர ஆரம்பிச்சுட்டா வடக்கு மாகாணத்துக்கு கொழும்பு சுத்திப் போற வேலையே இல்ல, நம்ம தென்மாவட்டத்துக்கே அது பெரிய வாசல். நான் அந்த நாளுக்கு மனசார காத்துருக்கேன். ஆனா இன்னைக்கு எடுக்குற முடிவ அத நம்பி எடுக்க முடியாது.

ஆக மிச்சம் இருந்தது தூத்துக்குடி. மதுரைல இருந்து 140 கிலோமீட்டர் சொச்சம், நாலுவழிச் சாலைல ரெண்டரை மணி நேரம், அங்கிருந்து கொழும்பு ஒரு நாள் கடல் தூரம். தூத்துக்குடில இருந்து உலகம் பூரா போற கண்டெய்னர்ல பெரும்பங்கு கொழும்புல போய்தான் பெரிய கப்பல் மாறுது, அதனால கொழும்புக்கு கப்பல் இல்லைங்கற பேச்சே கிடையாது. இந்த வழியோட பெருமையும் சின்னது இல்ல. 1906ல வ.உ.சி. சுதேசி நாவாய் சங்கம் ஆரம்பிச்சு வெள்ளக்காரனுக்கு எதிரா கப்பல் விட்டது இதே தூத்துக்குடி கொழும்பு தடத்துலதான், அந்தக் கம்பெனிக்கு தலைவரா இருந்து பணத்த அள்ளிக் குடுத்தவரு நம்ம மதுரைல நாலாம் தமிழ்ச் சங்கம் வச்ச பாண்டித்துரைத் தேவர். சங்கம் ரோட்டுல போறப்பெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஆனா தூத்துக்குடிங்கறது ஒரே வழி இல்ல, அதுக்குள்ளயே ரெண்டு வழி இருக்கு, எங்க வீட்ல அஞ்சு மாசமும் சண்டை ஓடுனது இது ரெண்டுக்கும் நடுவுலதான். ஏற்கனவே இலங்கைக்கு அனுப்பிக்கிட்டு இருக்குற ஒரு ஏற்றுமதியாளர்கிட்ட சரக்க வித்துட்டு ஒதுங்கிக்கறது ஒண்ணு. நாமளே நம்ம பேருல அனுப்புறது இன்னொண்ணு.

மாமா முதல் கட்சி. அதுல நியாயம் நிறைய இருக்கு. சரக்க அவரு குடோன்ல எறக்குனா ஏழு நாள்ல அக்கவுண்ட்ல பணம். கப்பல் போச்சா, கஸ்டம்ஸ்ல நின்னுச்சா, டாலர் ஏறுச்சா எறங்குச்சா, எதுவும் நம்ம தலைவலி இல்ல. எங்க சித்தப்பா விருதுநகர் பக்கம் வத்தல் யாவாரம், நேரடியா கொழும்புக்கு அனுப்புவாரு (நாம வத்தல்னு சொல்றத அவங்க செத்தல் மிளகாய்ம்பாங்க, இன்வாய்ஸ்ல கூட அப்படி எழுதச் சொல்லுவாங்களாம்). 2022ல அந்த நாடு திவாலாகி ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன கட்ட முடியாதுன்னு சொல்லுச்சுல்ல, டாலருக்கு 200 ரூபாவா இருந்த அவங்க காசு ரெண்டே மாசத்துல 360 கிட்ட போச்சுல்ல, அப்ப சித்தப்பாவோட ரெண்டு லோடு பணம் மாட்டிக்கிச்சு. வாங்குனவரு ஏமாத்துக்காரர் இல்ல, அவரு கையில அவங்க ரூபா இருந்துச்சு, ஆனா மாத்தி அனுப்ப அவரு பேங்க்ல டாலர் இல்ல. 14 மாசம் கழிச்சு தவணை தவணையா வந்துச்சு. அந்த 14 மாசம் சித்தி நகை பேங்க்லதான் இருந்துச்சு. இத கண்ணால பாத்த மாமா பயப்படுறதுல தப்பே சொல்ல முடியாது.

சரி, ஏற்றுமதியாளர்கிட்ட விலை கேட்டோம். உள்ளூர் மொத்த விலைக்கு மேல கிலோவுக்கு 6 ரூபா கூட தர்றேன்னாரு. பேரு அவரு பேரு, கவர் அவரு கவர். எங்க அப்பளம்னு அங்க ஒரு மனுசனுக்கும் தெரியாது, நாளைக்கே அவரு இன்னொரு அப்பளக்காரர்கிட்ட ஒரு ரூபா கம்மியா வாங்கி அதே கவர்ல போட்டு அனுப்பலாம். கல்யாணத்துல வந்து கேட்டவரு எங்க அப்பளத்தக் கேட்டாரு, கடைசில அவருக்குப் போய் சேர்றது எங்க அப்பளமாங்கறதே எங்க கையில இல்லைன்னா அப்பறம் எதுக்கு. இதுதான் என் கட்சி.

நாமளே அனுப்புறதுன்னா என்னென்ன வேணும்னு விசாரிச்சப்பதான் ஊருல பேசிக்கற அளவுக்கு அது மலை இல்லைன்னு தெரிஞ்சுச்சு. ஐ.இ.சி. நம்பர் (ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கு குடுக்குற நம்பர்) ஆன்லைன்லயே 500 ரூபா கட்டி எடுக்கலாம், நம்ம பான் நம்பர்தான் அந்த நம்பர், வருசா வருசம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள ஒருதரம் புதுப்பிக்கணும், இத மறந்து நம்பர் முடங்கிப் போனவங்க உண்டு. அப்பளம் ஊறுகாயெல்லாம் அபேடா (விவசாய, உணவுப் பொருள் ஏற்றுமதிக்கான அரசாங்க ஆணையம்) பட்டியல்ல வர்றதால அங்க ஒரு பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நாம உள்ளூருக்கு வச்சுருக்குறது பத்தாது, ஏற்றுமதிக்கு சென்ட்ரல் லைசென்ஸ். பேங்க்ல ஏ.டி. கோடு (ஏற்றுமதிப் பணம் வர்ற பேங்கோட அடையாள நம்பர்) வாங்கி தூத்துக்குடி கஸ்டம்ஸ்ல பதியணும். எனக்கு இது எல்லாம் முடிய ரெண்டு மாசம் ஆச்சு, அதுல பாதி நாள் பேங்க்ல உக்காந்ததுதான், ஒரு கிளைல அந்தக் கோடுன்னா என்னன்னே அந்த டெஸ்க்ல இருந்தவருக்கு தெரியல, வேற கிளைக்கு மாத்தி விட்டாக. கத்துக்குடுக்க ஆளு வேணும்னா நம்ம ஊருலயே தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் இருக்கு, 1924ல இருந்து இருக்குற சங்கம், சிறுதொழில் பண்றவங்க சங்கமான மடீட்சியா இருக்கு, போய் கேட்டா மூஞ்சி குடுத்துப் பேசுறாங்க.

கணக்க பாப்போம். 50 பெட்டிங்கறது 450 கிலோ, எடம்னு பாத்தா 4 கன மீட்டர் சொச்சம். 20 அடி கண்டெய்னர்ல அடுக்குனா 28 கன மீட்டர்தான் நடைமுறைல பிடிக்கும், அப்பளம்னா 340 பெட்டி, மூணு டன்னு. 20 டன்னுக்கு மேல தூக்குற பெட்டில மூணு டன்ன வச்சு அனுப்புறது அப்பளக்காரனுக்கு எப்பவுமே உள்ள தலையெழுத்து, நம்ம சரக்குக்கு எடந்தான் காசு, எடை இல்ல. முழுக் கண்டெய்னர் இப்போதைக்கு நமக்கு கனவு. அதனால எல்.சி.எல்., அதாவது பல பேரு சரக்கோட சேத்து ஒரே கண்டெய்னர்ல போறது, கன மீட்டருக்கு இம்புட்டுன்னு காசு.

இங்க ஒரு எடத்துல கவனமா இருங்க. ஒரு ஃபார்வர்டர் (சரக்க கப்பல்ல புக் பண்ணி அனுப்பி விடுறவரு) எனக்கு கொழும்புக்கு ஃப்ரெய்ட் சும்மா குடுக்குற மாதிரி ரேட் சொன்னாரு, சந்தோசமாதான் இருந்துச்சு. அப்பறம் கொழும்புக்காரருக்கு போன் போட்டா அவரு பதறிட்டாரு. இங்க விடுற காச அங்க டெலிவரி ஆர்டர் (சரக்க எடுக்குறதுக்கான சீட்டு) வாங்கப் போற எடத்துல நம்ம பார்ட்டி தலைல கட்டுறாங்க. இந்தப் பக்கம் எம்புட்டு, அந்தப் பக்கம் எம்புட்டு, ரெண்டையும் எழுத்துல வாங்கிட்டுத்தான் பேசணும். நான் மூணு பேருகிட்ட அப்படி வாங்குனதுல முதல்ல மலிவா தெரிஞ்சவருதான் கடைசில ஜாஸ்தியா நின்னாரு.

அப்பறம் ஒரு ஷிப்பிங் பில்லுக்கு (கஸ்டம்ஸ்ல குடுக்குற ஏற்றுமதிப் பத்திரம்) கிளியரிங் ஏஜென்ட் ஃபீஸு, டாக்குமென்ட் செலவு எல்லாம் 10 பெட்டி அனுப்புனாலும் 100 பெட்டி அனுப்புனாலும் ஒண்ணுதான். மாசம் 50 பெட்டியா அனுப்புனா அந்தச் செலவு கிலோவுக்கு வந்து உக்காந்து ஏற்றுமதியாளர் தர்ற அந்த 6 ரூபாயவிட மோசமாயிருது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா 100 பெட்டின்னு மாத்துனா சரியா வருது. அப்பளம் கெடாதுங்கறது இங்கதான் நமக்கு கை குடுக்குது. கொழும்புக்காரரும் ஒத்துக்கிட்டாரு, அவருக்கும் ஒரு தடவ கிளியர் பண்ற அலைச்சல் மிச்சம்.

இன்னொரு லாபம் எங்க ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதனால கவருக்கும் பெட்டிக்கும் நாம கட்டுற வரி உள்ளூர் விற்பனைல திரும்ப வராது, செலவுலதான் போகும். நம்ம பேருல ஏற்றுமதி பண்ணா அந்தச் சரக்குக்கு கட்டுன வரிய திரும்பக் கேக்க சட்டத்துல எடம் இருக்கு. ஏற்றுமதியாளருக்கு வித்தா நமக்கு அது கிடைக்காது. உங்க ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிக்கங்க, பில்ல சரியா வைக்கலைன்னா கிடைக்காது.

அடுத்தது இந்தியா இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். 1998 டிசம்பர்ல கையெழுத்தாகி 2000 மார்ச் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, ஆனா நம்ம ஊரு சின்ன யாவாரிக பாதிப் பேரு அப்படி ஒண்ணு இருக்குறதே கேள்விப்பட்டதில்ல. ஏற்றுமதி ஆய்வு கவுன்சில்ல இருந்து ஒரு ஆரிஜின் சர்டிஃபிகேட் (எந்த நாட்டுச் சரக்குங்கற சான்று) வாங்கி அனுப்புனா அங்க இறக்குமதி வரில சலுகை. ரெண்டு விசயம் பாக்கணும். உங்க பொருளோட கஸ்டம்ஸ் கோடு இலங்கையோட நெகட்டிவ் லிஸ்ட்ல இருந்தா சலுகை கிடையாது, விவசாயப் பொருள் நிறைய அதுல இருக்கு, அதனால முதல்ல அங்க இருக்குற கிளியரிங் ஆளவிட்டு எட்டு இலக்கக் கோட பாக்கச் சொல்லிருங்க. ரெண்டாவது, பொருளோட விலைல 35 சதவீதமாவது இந்தியாவுல சேந்த மதிப்பா இருக்கணும்.

"மதுரைல போட்ட அப்பளம் இந்தியப் பொருள் இல்லாம பின்ன என்ன"ன்னு மாமா கோவப்பட்டாரு. நான் உளுந்து பில்ல எடுத்துக் காமிச்சேன். நாம வாங்குற உளுந்து முக்கால்வாசி நேரம் பர்மா உளுந்து, அது கப்பல்ல வந்த சரக்கு. கிலோ 200 ரூபான்னு அப்பளத்த ஏத்துனா அதுல வெளிநாட்டுச் சரக்கோட மதிப்பு 130 ரூபாய தாண்டக்கூடாது. உளுந்து விலை எகிறுன வருசத்துல இது நூலிழைல நிக்கும். மாவாக்குறது, அப்பளக்காரம், உப்பு, எண்ணெய், கூலி, கவர் எல்லாம் நம்ம பக்க மதிப்புதான், ஆனா அத பேப்பர்ல காட்டணும், கூலிய நோட்டுப் புக்குல எழுதி ரேகை வாங்குற பழக்கம் இதுக்கு ஆகாது. அந்த ஒரே காரணத்துக்காக 18 பேருக்கும் பேங்க் அக்கவுண்ட்ல சம்பளம் போட ஆரம்பிச்சோம். இந்த அஞ்சு மாசப் பேச்சுல எனக்கு ரொம்ப சந்தோசம் தந்த விசயம் அதுதான்.

ஆனா சர்டிஃபிகேட் வாங்கிட்டா வரியே இல்லன்னு நினைச்சுராதீங்க. சலுகை கஸ்டம்ஸ் டியூட்டிக்கு மட்டுந்தான். அது போக அங்க செஸ்ஸு, துறைமுக விமான நிலைய லெவி, வாட்டுன்னு தனித்தனியா இருக்கு, வாட் மட்டும் 2024 ஜனவரில இருந்து 18 சதவீதம். அந்தப் பக்கக் கடைல நம்ம அப்பளம் என்ன விலைக்கு நிக்கும்னு இது எல்லாத்தையும் ஏத்திக் கணக்கு போட்டாத்தான் தெரியும். 2016ல இருந்து ரெண்டு அரசாங்கமும் இன்னும் விரிவான ஒரு ஒப்பந்தம் பேசுறாங்க, பேச்சு நிக்குறதும் தொடருறதுமா இருக்கு. பக்கத்து பக்கத்து ஊரு, ஒரே பாஷை பேசுற சனம் ரெண்டு கரைலயும் இருக்கு, இதுக்கு இம்புட்டு வருசம் ஆகுறது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பணம் எப்படி வாங்குறது? எல்.சி. (வாங்குறவரு பேங்க் பணத்துக்கு பொறுப்பேத்துக் குடுக்குற கடிதம்) பாதுகாப்புதான், ஆனா ரெண்டு லட்சத்துக்கு உள்ள இருக்குற சரக்குக்கு ரெண்டு பக்க பேங்க் சார்ஜும் சேந்து லாபத்த முழுங்கிரும். நாங்க பேசிக்கிட்டது பாதிப் பணம் முன்னாடி, மீதி கப்பல் ஏறுன பெறகு பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி குடுக்குற சரக்கு ரசீது) நகல காமிச்சதும், பணம் வந்தாத்தான் சரக்க எடுக்க விடுவோம். 2022 ஜூலைல இருந்து இந்திய ரூபாயிலயே இன்வாய்ஸ் போட ரிசர்வ் பேங்க் வழி வச்சுருக்கு, சித்தப்பாவுக்கு நடந்த டாலர் தட்டுப்பாடு மாதிரி திரும்ப வந்தா இது ஒரு வாசல், உங்க பேங்க்லயும் அவரு பேங்க்லயும் அந்த ஏற்பாடு இருக்கான்னு ரெண்டு பக்கமும் கேட்டுக்கங்க. 2024 பிப்ரவரில இலங்கைல யு.பி.ஐ. வந்துருச்சே அதுல வாங்கிக்கலாமேன்னு ரெண்டு மூணு பேரு கேட்டாக. அது நாம அங்க சுத்திப் பாக்கப் போறப்ப கடைல ஸ்கேன் பண்ணி காசு குடுக்குறதுக்கு, ஏற்றுமதிப் பணம் அந்த வழியா வரவே கூடாது, பேங்க் வழியா ஷிப்பிங் பில்லோட பொருந்தித்தான் வரணும். பணம் வராத ரிஸ்க்குக்கு ஈ.சி.ஜி.சி. இன்சூரன்ஸ் இருக்கு, அரசாங்கக் கம்பெனி. சித்தப்பா அத எடுத்துருக்கல.

அரசாங்கம் திடீர்னு கதவ அடைக்குறதும் மனசுல இருக்கணும். வெங்காயத்துக்கு 2023 ஆகஸ்ட்ல 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பர்ல மொத்தமா தடை, 2024 ஏப்ரல்ல இலங்கைக்கு 10,000 டன்னு அனுமதி, மே மாசம் தடை நீக்கம், கடைசி வரியும் 2025 ஏப்ரல்லதான் போச்சு. திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் போட்டவங்க அந்த ஒன்றரை வருசம் பட்ட பாட்ட நான் மார்க்கெட்லயே பாத்தேன். அந்தப் பக்கமும் மஞ்சள் இறக்குமதிய 2020ல நிறுத்துனாங்க, ராமநாதபுரம் கரைல மஞ்சள் மூட்டை பிடிபட்ட சேதி தினம் பேப்பர்ல வந்துச்சு. பச்சையா போற விளைபொருளுக்குத்தான் இந்த அடி முதல்ல விழுது, அப்பளம் மாதிரி பக்குவம் பண்ண சரக்குக்கு கொஞ்சம் கம்மி. வெங்காயம், வத்தல்னு பண்றவங்களுக்கு நான் ஏற்றுமதியாளர் வழியத்தான் சொல்லுவேன், தடை வந்தா அந்தச் சரக்க வேற பக்கம் திருப்புற பலம் அவருக்கு உண்டு, நமக்கு இல்ல. கெட்டதையே சொல்லிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க, அதே 2022ல தமிழ்நாட்டுல இருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்தும் போச்சு, முதல் கப்பல் மே 18ஆம் தேதி சென்னைல இருந்து கெளம்புச்சு, அதுக்கப்பறம் ஒண்ணு நம்ம தூத்துக்குடில இருந்து. கொழும்புக்காரரு முதல் தடவ போன்ல பேசுனப்ப அந்த அரிசிய சொல்லித்தான் பேச்ச ஆரம்பிச்சாரு.

கடைசில என்ன பண்ணோம்? முதல்ல 12 பெட்டி, கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர், நஷ்டம்னு தெரிஞ்சே எங்க பேருல அனுப்பிப் பாத்தோம். கொழும்புல பெட்டிய தொறக்குறத வாட்ஸ்அப்ல வீடியோ எடுத்து அனுப்புனாரு. மேல நாலு வரிசை பத்திரமா இருந்துச்சு, அடி வரிசைல கைய விட்டு எடுத்தா கவருக்குள்ள அப்பளம் சில்லு சில்லா கொட்டுச்சு. அக்கா அந்த வீடியோவ மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டு, "படுக்கப் போட்டு அடுக்கிருக்கோம், மேல எவனோ கனமான சரக்க வச்சுருக்கான், நட்டுக்க அடுக்கணும்"னுச்சு. எல்.சி.எல்.ல நம்ம தலை மேல என்ன ஏறும்னு நமக்கு தெரியாது. இப்ப 5 பிளை பெட்டி, கவர் எல்லாம் செங்குத்தா, பெட்டிக்கு உள்ள ஈரம் உறிஞ்சுற பாக்கெட், அடில மரப் பலகை, மேல எதுவும் ஏத்தாதீங்கன்னு ஸ்டிக்கர். பெட்டிக்கு 22 ரூபா கூடுது. அதையும் சேத்து விலை போட்டு அனுப்புனதுக்கு அவரு ஒரு வார்த்த மறுத்துப் பேசல.

மாமா பாதிதான் ஒத்துக்கிட்டாரு. மாசச் சரக்குல ஒரு பங்க அந்த ஏற்றுமதியாளருக்கே குடுத்துக்கிட்டு, கொழும்புக்காரருக்கு மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா 100 பெட்டி எங்க பேருல, இப்படி ஒரு வருசம் ஓட்டிப் பாக்குறதுன்னு முடிவாயிருக்கு. ரெண்டாவது தடவை போன சரக்குக்கு மீதிப் பணம் பேங்க்ல வரவு ஆன அன்னைக்கு மாமாவே போன் பண்ணி சித்தப்பாகிட்ட சொன்னாரு. இப்ப கவர்ல சிங்களத்துல பேரு அச்சடிக்கணும், இறக்குமதி பண்றவரு விலாசமும் போடணும்னு கேட்டுருக்காரு, எழுத்துப் பிழை வந்துறக் கூடாதுன்னு பிரஸ்ல இருந்து வந்த மாதிரிய அவருக்கே அனுப்பி வச்சுருக்கோம், பாத்து சரின்னு சொன்னதும் 4,000 கவர் ஓட்டணும்.